தீப மை

டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்லை மேடம், குடிக்கிறேன். எனக்கு அரை ஸ்பூன் போதும், என் தம்பி மாறனுக்குத்தான் ஒன்றரை வேண்டும். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். எழுதுகிற கான்ஸ்டபிள் தம்பி நிதானமாக எழுதட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கும் நேரம் முடிவதற்குள் என்னை அனுப்பிவிட்டால் புண்ணியமாகப் போகும். தனியாக இருந்தால் மாறன் பயப்படுவான்.

என் பெயர் சந்திரகலா. அண்ணாமலையார் கோயில் பே கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. ஜாக்கெட் தைப்பது என் தொழில். எனக்குப் பத்தொன்பது வயசாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மாறன் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பையனை ஹாஸ்டல்ல வுட்டுடலாமே" என்றார்கள். அவர்கள் கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினேன். பாதி காபி மிச்சம் இருந்தது.

அவன் பயந்தாங்கொள்ளி மேடம். இருட்டென்றால் ஆகாது, பல்லி என்றால் ஆகாது. தெருப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு நேரம் கழித்து வந்தால், அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் அவனை விட்டு வெளியே தாழ் போடுவேன். அடிக்க மாட்டேன், ஒருநாளும் அடித்ததில்லை. உள்ளேயிருந்து "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன். திறந்தவுடன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வான். அப்படி என்னைக் கட்டிக்கொள்ள இந்த உலகத்தில் வேறு யாரும் கிடையாது.

வளர்ந்து டிப்ளமோ முடித்தான், பம்ப்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான், பைக் வாங்கினான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் கவியா என்ற பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். நல்ல பெண்தான். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவளுடைய அப்பா அம்மாவிடம் பேசுவதற்காகப் போன வைகாசியில் கீழ்பென்னாத்தூர் போனவன், திரும்பி வரும்போது விழுந்தான். வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் சக்கரம் வழுக்கி, கால் பைக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. பிளேட் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிடும், மேலே இருக்கும் புண் ஆறத்தான் நாளாகும் என்றார் டாக்டர்.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். நான் அவன் வலியைச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அக்கா, தலையணை சரிந்தால் அக்கா, கரண்ட் போனால் அக்கா. தையல் மிஷினை அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பௌர்ணமிதோறும் செருப்பில்லாமல் மலை சுற்றி வந்தேன். "உன்ன மாதிரி ஒரு அக்கா யாருக்கு வாய்க்கும் சந்திரா" என்று எதிர்வீட்டு வேதா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஐப்பசியில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்றார்கள். புண்ணும் பொருக்கு தட்டியிருந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. தை மாதம் கல்யாணம், அப்புறம் இரண்டு பேரும் ஓசூர் போய்விடுவதாகப் பேச்சு. ஒரு நாள் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் போய்விட்டான்.

"அக்கா, பாத்தியா! நடந்துட்டேன்கா!"

நானும் சிரித்தேன். அவன் வாசலில் வெயிலில் நின்றான். திரும்பிப் பார்த்தால் கட்டில் காலியாகக் கிடந்தது. அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓசூரிலிருந்து பொங்கலுக்கு ஒருமுறை, தீபத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் என்னை யார் கூப்பிடுவார்கள்?

அன்றைக்குக் கால் கழுவி விடும்போது பொருக்கை நகத்தால் கொஞ்சம் நெம்பினேன். கொஞ்சம்தான். வலிக்கிறது என்றான். "வெந்நீர் பட்டா அப்படித்தான்டா" என்றேன். பிறகு விபூதி போட்டுக் கட்டினேன். நம் ஊரில் விபூதியை யார் கேள்வி கேட்பார்கள்? மடித்த காகிதத்தில் இருந்தது அடுப்புச் சாம்பல். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, "இன்னாம்மா இது, புண்ணுல வெள்ளையா?" என்றார்.

"விபூதிங்க டாக்டர். மனசு கேக்கல."

அவர் நெற்றியிலும் பட்டை இருந்தது. "நெத்தியோட நிறுத்திக்கங்கம்மா" என்று அலுத்துக்கொண்டு, மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரைகளை முருங்கை மரத்தடியில் போட்டுவிட்டு, சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு டாக்டரிடம் போகவில்லை. அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று மாறனிடம் சொன்னேன். புண் மறுபடி நீர் விட்டது. காற்றுப் படக் கூடாதென்று துணியை இறுக்கிக் கட்டினேன். தையல்காரி கட்டு, அவிழாது.

கார்த்திகை தீபம் வந்து போயிற்று. மலையுச்சி தெரியட்டும் என்று கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். அவன் அழுதுகொண்டே கும்பிட்டான். மார்கழியில் அவன் விரல்கள் சில்லென்று ஆயின, பிறகு நிறம் மாறின. எனக்கும் பயம்தான். கவியா பார்த்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாளே என்ற பயம்.

அப்போதுதான் ஆருத்ரா தரிசனம் வந்தது. மலையுச்சியில் எரிந்த தீபக் கொப்பரையிலிருந்து எடுக்கும் மையை அன்றைக்குப் பிறகு பிரசாதமாகத் தருவார்கள். கறுப்பாக, நெய் வாசனையோடு இருக்கும். எங்களுக்கெல்லாம் அதுதான் பெரிய காப்பு. வாங்கிவந்து அவன் நெற்றியில் வைத்தேன். அது போதாதென்று இன்னும் கொஞ்சம் நெய்யும் விளக்குக் கரியும் குழைத்து, விரலிலிருந்து கணுக்கால் வரை பூசிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கவியா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள்.

"இன்னாக்கா, காலு இவ்ளோ கறுப்பா கீது?"

"தீப மைம்மா. அண்ணாமலையார் மை. கால்ல பூசலாமான்னு கேக்காத, எனக்கு வேற வழி தெரியல."

அவள் கண் கலங்கிவிட்டது. அவன் கால் விரலைத் தொட்டு, அந்த மையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குக் காபி போடப் போனேன்.

இரண்டொரு நாளில் வாடை வந்தது. சாம்பிராணி போட்டேன்.

"அக்கா, காலு மரத்துப்போச்சுக்கா. கிள்ளினாக்கூட தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா."

"வலி இல்லன்னா நல்லதுதானடா கண்ணு. ஆறுதுன்னு அர்த்தம்."

அவன் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "சரிக்கா" என்றான், மெதுவாக. அதிலிருந்து நான் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் பாலைத் தொடுவான். நான் அறைக்குள் வந்தால் என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். எவ்வளவு பாசம் பாருங்கள், இந்த வயசிலும் எச்சில் பார்க்காமல் குடிக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். விழுந்து தொலைக்கப் போகிறான் என்று தடியை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். கடைக்குப் போகும்போது வெளியே தாழ் போட்டேன். கத்தினான் போலிருக்கிறது, வேதா வந்து கேட்டாள். ஜுரத்தில் உளறுகிறான் என்றேன். அவளும் பாவம், ரசம் வைத்துக் கொடுத்தாள்.

கவியா மறுபடி வந்தபோது நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தாழை அவளே திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் அவளிடம் என்ன சொன்னானோ தெரியாது. நான் டம்ளரோடு வரும்போது அவள் ஈரத்துணியால் அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மை துணியில் வந்தது. பாதம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அவள் இன்னொரு முனையை நனைத்து மறுபடி துடைத்தாள். தோல் துணியோடு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். தெருவில் இறங்கி ஆட்டோ ஆட்டோ என்று அவள் கத்தியது கோபுரம் வரை கேட்டிருக்கும்.

தொடையோடு எடுத்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியும், எதற்குச் சொல்கிறேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் உயிரே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் உயிரை நான் விட்டுவிடுவேனா?

மற்றதை எழுதிக்கொள்ளுங்கள். ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கிளறியது நான். சாம்பல் வைத்தது நான், இறுக்கிக் கட்டியது நான். கால் அழுகுகிறது என்று தெரிந்துதான் மை பூசி மறைத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கால் போனால் போகட்டும், தம்பி இருப்பான் என்று நினைத்தேன். புகாரில் அவன் கையெழுத்து இருக்கிறது என்று காட்டினீர்கள். கோணல் மாணலாக இருக்கிறது, கவியா கையைப் பிடித்துப் போடவைத்திருப்பாள். அவனாகப் போட மாட்டான்.

வீட்டில் வாசற்படியை இடித்துச் சரிவாக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். கட்டில் பழைய இடத்திலேயே இருக்கட்டும். அவனுக்கு மிஷின் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும்.

நேற்று வார்டு வாசலில் நான் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தேன். என் குரல் கேட்டதும் உள்ளே கட்டில் கடகடவென்று ஆடியது. "அக்கா, அக்கா" என்று அலறினான். கவியா கதவைச் சாத்திவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் மேடம்? அரிசி அறையிலிருந்து கூப்பிடுவானே, அதே குரல். கதவைத் திறந்துவிட்டால் போதும், அடங்கிவிடுவான். யாரையாவது அனுப்பி அவனிடம் சொல்லச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம், அக்கா வந்துகொண்டே இருக்கிறேன் என்று.