காகிதம் சுற்றாத காந்தம்

காந்திபுரம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த பள்ளிச் சீருடைப் பெண், பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் திடீரென்று சொன்னாள்:

"இன்னைக்கு நான் காந்தத்துக்குக் காயிதம் சுத்தாமக் குடுத்துப்போட்டேனுங்க்கா."

"ஆருக்கு அம்மணி?"

"என்ற மைதிலிக்குத்தான். கெமிஸ்ட்ரி லேப்ல மணல்ல இருந்து இரும்புத்தூளப் பிரிக்கோணும்; எல்லாருக்கும் காந்தம் எடுத்துக் குடுக்கறது நானுங்க்கா. எப்பவும் என்றகூட நிக்கறவ, இன்னைக்குப் புதுசா வந்த புள்ளகூடப் போய் நின்னுக்கிட்டா."

"அதுக்கு?"

"காயிதம் சுத்துனா, அதை உருவுனதும் தூளெல்லாம் கொட்டிரும். சுத்தலீன்னா காந்தத்துலயே அப்பிக்கும். மிஸ் வைவாங்க, ரெண்டு பேருக்கும் சண்டை வரும்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கீங்க்கா! காந்தத்துல அப்புன தூளைச் சுத்தமா எடுத்துட்டுத்தான் எந்திரிக்கோணும்னு மிஸ் சொல்லிப்போட்டாங்க. சாப்பாட்டு பெல் அடிச்சும் ரெண்டு பேரும் தோளோட தோள் இடிச்சு உக்காந்து, சிரிச்சுச் சிரிச்சுச் சுரண்டீட்டு இருந்தாளுக. அந்தப் புள்ளைக்குக் கை பூராத் தூளாமா, மைதிலி டப்பாவைத் தொறந்து ஸ்பூன்ல ஊட்டி உடறா."

யாரும் கேட்காமலே சொன்னாள்:

"நெதம் எனக்குன்னு கொண்டார தக்காளிச் சோறுங்க்கா அது."