பிரித்து மேய அனுமதி

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது, ஐயா. விசாரணைக் குறிப்பில் அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பேரூராட்சியில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா. லஞ்சம் என்று ஒரு நயா பைசா இந்தக் கந்தப்பன் கைநீட்டி வாங்கியதில்லை. டீக்குக்கூட என் சட்டைப்பையிலிருந்துதான் எடுப்பேன்.

காளியாத்தாள் வந்தது இந்த எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை. புருஷன் இல்லாத மனுஷி. பனையோலைக் கூரை மக்கி, விட்டமும் இற்றுப்போய்விட்டது. அதைப் பிரித்துவிட்டு ஓடு போட வேண்டும், அதற்கு நம் அனுமதி வேண்டும். எடப்பாடியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் சௌந்திரத்துக்கு அப்போது மூன்றாம் மாதம். ஐப்பசியில் தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான். மழைக்கு முன்னால் ஓடு ஏறியாக வேண்டும்.

மனுவில் ‘எனது ஊட்டைப் பிரித்து மேய அனுமதி வேண்டி’ என்று இருந்தது. டீக்கடையில் யாரோ அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூரை போடுவதை நம் பக்கம் மேய்வது என்றுதான் சொல்வோம். எனக்குத் தெரியாமல் என்ன, நான் பிறந்ததே ஓலை மேய்ந்த வீட்டில்தான்.

மனுவைக் கொடுத்துவிட்டுக் கூடையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“மசக்கைக்காரிக்குச் சுட்டதுங்க சாமி. எடப்பாடி பஸ்ஸுக்குப் போற வழிதானுங்க. ரெண்டு வாயில போடுங்க.”

கச்சாயம். ஓரமெல்லாம் மொறுமொறு, நடுவில் மெத்மெத்தென்று, வெல்லமும் ஏலக்காயும் அளவோடு. ஆட்டையாம்பட்டி முறுக்கெல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும். பலகாரத்தை லஞ்சம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பார்த்துவிட்டேன்.

அவர் போனபின் மனுவை மறுபடி படித்தேன். மேய என்றுதானே இருக்கிறது? எழுதியிருப்பதைத்தானே குமாஸ்தா பார்க்க முடியும். கருத்துக் கேட்டுக் கால்நடை மருத்துவருக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: ‘மேற்படி வீட்டில் எருமை ஒன்று உள்ளது. அதற்கு வீட்டை மேயும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.’ நல்ல மனுஷர், ஆனால் கொஞ்சம் குசும்பு. அடுத்து வனத்துறைக்கு அனுப்பினேன்.

செவ்வாய் தவறாமல் காளியாத்தாள் வருவார்.

“ஏனுங்க சாமி, நம்ம ஊட்டுக் காயிதம் எங்கீங்க இருக்குது?”

“காட்டுக்குப் போயிருக்குதுங்கக்கா.”

“ஊட்டுக் காயிதம் காட்டுக்கு எதுக்குங்க போச்சு?”

“மேஞ்சுட்டு வரட்டுமுங்க.”

சிரித்துவிட்டார். வெள்ளந்தியான சிரிப்பு அவருக்கு. ஆடியிலிருந்து அவராகவே நாலு வைக்க ஆரம்பித்தார், நான் கேட்கவில்லை. புரட்டாசியில் மகளை அழைத்து வந்துவிட்டார். இனி எடப்பாடி பஸ்ஸுக்கு வேலையே இல்லை. அப்புறமும் செவ்வாய்க்கிழமை பொட்டலம் வந்தது. அப்படியானால் எனக்காகத்தான் சுட்டிருக்கிறார், இல்லையா? என் மேல் அப்படி ஒரு பிரியம்.

ஐப்பசி மழையில் கூரை உட்கார்ந்துவிட்டது. சௌந்திரத்துக்கு அந்த நேரம் பார்த்து வலி. பக்கத்து வீட்டு மாதையன் தன் கட்டுத்தரையிலிருந்து மாடுகளை அவிழ்த்து வெளியே ஓட்டிவிட்டு, சாணியை வழித்து வைக்கோல் பரப்பிக் கொடுத்தார். அங்கேதான் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறதாம். மகளை வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த காளியாத்தாள் மேல் விட்டம் விழுந்து கை ஒடிந்துவிட்டது. வலது கை, ஐயா. கச்சாயம் சுடுகிற கை. கேள்விப்பட்டு அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாயும் வந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை, கூடை இல்லை.

“மேஞ்சு முடிச்சுட்டுதுங்களா சாமி?” என்றார். சிரிக்கவில்லை. நேராக உங்களிடம் வந்து மனுக் கொடுத்துவிட்டார்.

அரை நாளாக என்னைப் பிரித்து மேய்கிறீர்கள். உங்கள் சிரமத்தைக் குறைக்கிறேன். என் இழுப்பறையிலிருந்து எடுத்தீர்களே, எண்ணெய் ஊறிப்போன அந்தத் தாள், அதுதான் அனுமதி உத்தரவு. காளியாத்தாளின் மனுவை வாங்கிய அன்று மாலையே முறையாகக் குறிப்பு எழுதி மேலே வைத்தேன். பதினோராம் நாள் நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போட்டார். வேலையில் நான் சுத்தம். ஊர் சுற்றியதெல்லாம் நகல்தான். உத்தரவைக் கையில் கொடுத்திருந்தால் அடுத்த செவ்வாய் அவர் நேரே பஸ் ஏறியிருப்பார், என் பக்கம் எதற்கு வரப்போகிறார்? பொட்டலத்துக்கு அடியில் விரிக்க ஒரு தாளும் வேண்டியிருந்தது. விரித்தேன். இருபத்தாறு செவ்வாய்.

ஆமாம், செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. தைக்குள் எலும்பு கூடிவிடும் என்று கட்டுப் போட்டவர் சொன்னாராம். இடிந்த வீட்டுக்கு அவர் புதுசாக ஒரு மனுப் போட்டுத்தானே ஆக வேண்டும். அதை வேறு யார் மேஜைக்கும் அனுப்பிவிடாதீர்கள். சுணங்கிப் போகும்.