நாலு துளை

— கையெழுத்துப் போட மாட்டேன் அக்கா. ஆபரேஷனுக்கு எனக்கு அந்த ரோபோ மெஷின் வேணாம்.

— பைத்தியமாடி உனக்கு? நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம் கிழிஞ்சு, இரைப்பை மேல ஏறி நுரையீரலை அமுக்கிட்டு நிக்குது. ஸ்கேனைப் பாத்து எனக்கே குலை நடுங்கிடுச்சு.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு. மூச்சு... பாதியிலயே நின்னுடுது.

— அப்புறம் என்ன? ரோபோன்னா அதுவா வந்து குத்தாதுடி. டாக்டரம்மா அதே ரூம் மூலையில உக்காந்து கையை அசைப்பாங்க, அது தைக்கும். நான் கம்பெனியில தையல் மெஷின் ஓட்டலையா? நான் மிதிக்காம அது ஒரு தையல் போட்டுடுமா?

— நடுவுல கரண்ட் போயிட்டா?

— உன் வீட்டு மிக்ஸியா இது? எல்லாம் வெச்சிருப்பாங்க. நாலே நாலு துளை, தழும்புகூடத் தெரியாது.

— தழும்பு இருந்துட்டுப் போகட்டும். வயித்தைத் திறந்தே பண்ணச் சொல்லு.

— ஊசிக்கே ஊரைக் கூட்டுறவ நீ! அந்த வலியைத் தாங்குவியா?

— தாங்குவேன்.

— ஏன்டி படுத்துற? அம்மாவும் போயாச்சு. உனக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் பாத்துட்டு இருப்பேன்?

— அழாத அக்கா. ஆபரேஷன் வேணாம்னு சொல்லல.

— அந்த டாக்டரம்மா வேற என்னை ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. விலாவுல ஏதோ பலமா இடிச்சிருக்கே, நெஜமாவே படியிலதான் விழுந்தாங்களான்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— நீ சொன்னதைத்தான். உன் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். பாவம் மனுஷன், நேத்துலேர்ந்து வெளிய பெஞ்சை விட்டு நகரல. எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு நர்ஸைத் தொளைச்சு எடுக்குறார்.

— கதவு சாத்தியிருக்கா அக்கா?

— சாத்தித்தான் இருக்கு. என்னடி, எதுக்கு அந்தப் பக்கமே பாக்குற?

— நர்ஸ் என்ன சொன்னாங்க அவர்கிட்ட?

— நல்ல சேதிதான். மெஷின்ல பண்ணா மூணே நாள்ல கூட்டிட்டுப் போயிடலாமாம். திறந்து பண்ணா ரெண்டு வாரம் இங்கயே கிடக்கணுமாம். இப்பவாவது போடு கையெழுத்தை.

— அந்த ரெண்டு வாரம் வேணும் அக்கா.

— எதுக்குடி?

— இங்க எந்நேரமும் நர்ஸுங்க இருக்காங்க. அவர் கால் என் வயித்துக்கிட்ட வராது.