மாவுப் பானையில் இரண்டு டப்பா

விக்டோரியா ஏரியில் மழை பிடித்துவிட்டால் எங்கள் படகுத்துறையிலிருந்து கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிள்தான் வசதி, நர்ஸம்மா. கணவனோடு வரும் கர்ப்பிணிகளை, இருவருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து, முதலில் பார்த்து அனுப்பிவிடுவீர்கள். தனியாக வந்தால் சாயங்காலம் வரை பெஞ்சுதான். அதனால் வண்டி ஓட்டிவந்தவனையே கணவன் என்று உள்ளே கூட்டிப்போவது இங்கே வழக்கம். வண்டிக்கார வாஸ்வா மட்டும் ஒரே வருஷத்தில் நான்கு பேருக்குக் கணவனாக இருந்தான்.

என் தம்பி முக்கீபியின் மனைவி நாபோசாவுக்கும் அவனைத்தான் ஏற்பாடு செய்தேன்.

தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் மாத்திரை டப்பா என் மாவுப் பானைக்குள் இருக்கிறது. தினமும் மாலையில் வந்து ஒன்றைப் போட்டுக்கொள்வான். மசித்த வாழைக்காய் வைப்பேன். சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, அவளிடம் பேசாததையெல்லாம் என்னிடம் பேசுவான். தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போகும் வாரங்களில் மட்டும் மாத்திரை கிடையாது. படகில் நாலு பேர் பார்ப்பார்களே.

நாபோசாவுக்கு மூன்று மாதம் ஆனபோது, "அக்கா, நானே அவகூட கிளினிக்குக்குப் போறேன். சொல்லிடறேன். நெஞ்ச அடைக்குது" என்றான்.

"சொன்னா அன்னிக்கே பொறந்த வீட்டுக்குப் போயிடுவா. அப்புறம் யாரு சோறு போடுவா?"

"நீதான்" என்று சிரித்தான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் போயிருக்க மாட்டாள். டப்பாதான் என் பானையை விட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும்.

கிளினிக்கிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "வாஸ்வாவ பாத்து, இது எத்தனாவது பொண்டாட்டின்னு நர்ஸு கேக்காததுதான் பாக்கி. எனக்கு ஒண்ணும் இல்லையாம். ஆனா அக்கா, உங்க தம்பிக்கு யாரு டெஸ்ட் எடுக்கறது?"

"அவன எனக்குத் தெரியாதா? கல்லு மாதிரி இருக்கான்" என்றேன்.

எட்டாம் மாதம் மறுபடி பார்த்தபோது அவளுக்கும் இருந்தது. நேராக என்னிடம்தான் வந்தாள். முதல் டெஸ்ட் தப்பாக இருந்திருக்கும் என்றாள். கல்யாணத்துக்கு முன் பழகிய ஒருவனைச் சபித்தாள். "அவருக்குத் தெரிஞ்சா என்னத் துரத்திடுவாரு, அக்கா. மாத்திரைய உங்ககிட்டயே வச்சுக்கறேன்."

பானையில் இடம் இருந்தது.

காலையில் அவள் வருகிறாள், மாலையில் அவன். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. பிள்ளைக்காக ஒருநாள்கூட விடக்கூடாது என்று நானே மிரட்டி அவளை விழுங்க வைக்கிறேன்.

இருவரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும் என்கிறீர்கள். உங்கள் வேலை, செய்யுங்கள். பிறக்கும் குழந்தைக்கும் ஆறு வாரம் மருந்து ஊற்ற வேண்டும் என்றீர்களே, அந்தப் பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். இவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?