எட்டில் இழுக்க வேண்டியவர்களை ஏழில் இழுக்க வைத்த மேஸ்திரி பக்தவச்சலனாருக்கு

கனத்த இரும்பைக் கயிற்றால் வென்ற காளையே! கடற்காற்றில் கொக்கியெல்லாம் துருப்பிடித்தபோதும் துருவேறாத தோள்களுக்குச் சொந்தக்காரரே! பாரம் தூக்குவதில் பட்டறையே போற்றும் பண்பாளரே! பாட்டுப் போடுவதில் பாவிகள் எங்களைப் படாத பாடு படுத்திய பெருந்தகையே! எங்கள் மேஸ்திரியே, பக்தவச்சலனாரே, வணக்கம்!

ஓய்வு பெறுகிறவரை வாயாரப் புகழ்ந்து, மாலை போட்டு, பிரியாணியோடு வழியனுப்புவது நமது பட்டறையின் வழக்கம். புகழ்வதற்குத் தங்களிடம் சரக்கு ஏராளம். ஆனால் தராசில் ஒரு தட்டை மட்டும் காட்டி மறுதட்டைத் துண்டால் மூடிக்கொள்வது நாணயமான வியாபாரம் ஆகாது. ஆகவே தங்கள் பெருமையை ஒரு தட்டிலும், இத்தனை ஆண்டுகள் நாங்கள் பட்ட பேஜாரை மறுதட்டிலும் வைத்து, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சபையோர் முன்னிலையிலேயே பார்த்துவிடத் துணிந்தோம்.

முதலில் பெருமை. 1971ஆம் ஆண்டு, மீசையை முறுக்கிவிடும் வயதில், பாரம் தூக்கும் கலாசியாக இந்தப் பட்டறைக்குள் நுழைந்தீர்கள். இன்று, 2002ஆம் ஆண்டு, மேஸ்திரியாக வெளியேறுகிறீர்கள். இடைப்பட்ட காலத்தில் தங்கள் பொறுப்பில் ஒரு கயிறு அறுந்ததில்லை. ஒருவர் விரல் நசுங்கியதில்லை. எத்தனை டன் எடையானாலும், தாங்கள் ஓரமாக நின்று குரல் கொடுத்தால், குழந்தையை இடுப்பில் ஏற்றுவதுபோல் அது மேலே ஏறும். அதிகாரிகள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கும்போதே தாங்கள் கொக்கியை மாட்டியிருப்பீர்கள். தங்களிடம் திட்டு வாங்காத கலாசி இல்லை. திட்டிய கையோடு தாங்கள் டீ வாங்கிக் கொடுக்காதவனும் இல்லை.

பெருமைத் தட்டு நிறைந்தது. இனி மறுதட்டு.

தாங்கள் இளைஞராக இருந்த காலத்தில், பர்மா பஜாரில் ஒரு டேப் ரிக்கார்டருக்குப் பேரம் பேசினீர்கள். விலை படியவில்லை. தாங்கள் இரண்டடி நடந்து போவதுபோல் பாவனை செய்ய, கடைக்காரர் பின்னாலேயே கூப்பிட்டு, ஒரு கேசட்டைக் கொசுறாகச் சேர்த்துக் கொடுத்தார். எந்தக் கப்பலில் வந்ததோ, எவரும் சீந்தாமல் கிடந்த கேசட் அது. மேலே ஆகாயத்தில் மிதக்கும் பாறையின் படம்; உள்ளே ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே பாட்டு. போணியாகாத சரக்கைத் தள்ளிவிட்ட மகிழ்ச்சியில் அந்த வியாபாரி அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பார். எங்கள் உறக்கம் அன்றோடு போயிற்று.

அது மேல்நாட்டுச் சங்கீதம், பெயர் புரோகிரசிவ் ராக் என்று தாங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். முன்னேறும் பாட்டாம். எங்கே முன்னேறியது? சர்ச்சில் கேட்பதுபோல் ஆர்கன் வரும், புல்லாங்குழல் வரும், இடி இடிக்கும், பிறகு யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவார்கள், மீண்டும் ஆர்கன். முடிந்தது என்று மூச்சு விட்டால், அப்போதுதான் பாடவே ஆரம்பிப்பார்கள். ஒன்றோடு நின்றீர்களா? துறைமுகத்தில் இறங்கும் மாலுமிகளிடமெல்லாம் விசாரித்து விசாரித்து ஒரு பெட்டி நிறையச் சேர்த்தீர்கள்!

இந்தச் செல்வத்தைத் தனியே அனுபவிக்கும் கருமியாக இருந்திருந்தால், இன்று தங்களைக் குறையின்றி வாழ்த்தியிருப்போம். தங்களுக்கோ ஈகைக் குணம். வியாசர்பாடியில் புறப்பட்டு இராயபுரம் வழியாக வரும் பட்டறைப் பேருந்தில், மடியில் டேப் ரிக்கார்டரோடு முன்னிருக்கையில் அமர்வீர்கள். உடனே போட மாட்டீர்கள்.

“எல்லாரும் ஏறட்டும்பா. பாதியில கேட்டா அதோட அழகு தெரியாது” என்பீர்கள்.

கடைசி ஆள் திருவொற்றியூர் தேரடியில் ஏறுவார். அதன் பிறகே பாட்டு தொடங்கும். தேரடியிலிருந்து பட்டறை வாசல் வரையுள்ள தூரமோ பாட்டைவிடச் சிறியது. எனவே பாட்டு முடியாமலே பேருந்து நிற்கும். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து! விட்ட இடத்திலிருந்து போடக் கூடாதா என்று கெஞ்சினால், கர்ப்பக்கிரகத்தில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பீர்கள். இப்படியாக அந்தப் பாட்டின் முன்பாதியை உறக்கத்திலும் உளறும் அளவுக்குக் கேட்டோம். பின்பாதி என்று ஒன்று இருக்கிறதா என்பதே எங்களில் எவருக்கும் தெரியாது.

இந்த இன்னலை எல்லாரையும்விட அருகிலிருந்து அனுபவித்தவர், தங்கள் பக்கத்து இருக்கைக்காரரும் தங்களுக்கு அடுத்த மூத்த கலாசியுமான உசேன். தம் வாழ்நாளில் பாதியைத் தங்கள் ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் கழித்த உத்தமர்.

“இன்னா மேஸ்திரி, இது பாட்டா? இல்ல பாய்லரு வெடிக்க சொல்லோ புடிச்ச சத்தமா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“பொறு நைனா. இப்பத்தான் மலையேறிகினு கீறாங்க. எறங்க சொல்லோ பாரு.”

“நான் எறங்கறேன் மேஸ்திரி. எங்க நிறுத்துவாங்கோ?”

ஒரு மழைக்காலத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் வரிசை கட்டி நின்றன. பேருந்தும் நின்றது. தங்கள் முகத்தில் அன்று தோன்றிய ஒளியை எப்படி மறப்போம்! இன்றைக்கு முடிந்துவிடும் என்று கண்களை மூடிக்கொண்டீர்கள். கண்ணைத் திறந்தபோது பேருந்தில் ஓட்டுநர்கூட இல்லை. முட்டளவு தண்ணீரில் அத்தனை பேரும் பட்டறையை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். முழங்கால் வலியால் உசேன் மட்டும் இருந்தார். அவருக்காவது முழுதாகக் கேட்கக் கொடுத்து வைத்ததா? பின்பாதி தொடங்கும் வேளையில் பேட்டரி தீர்ந்து, பாடியவர் எருமை போல் கனைத்து ஓய்ந்தார்.

வீட்டார் கதை இன்னும் உருக்கம். தங்கள் மகள் மதியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கேசரி கொடுப்பதற்கு முன்பே கேசட் போட்டீர்கள். பாட்டு மூன்று முறை முடிவதுபோல் நின்றது. மூன்று முறையும் மாப்பிள்ளையின் தாய்மாமன் பேச வாயெடுத்தார். மூன்று முறையும் இடி இடித்தது. “இன்னாபா, கேசட்டு சிக்கிகிச்சா?” என்று அவர் அலறியதை அந்தத் தெரு இன்றும் பேசுகிறது. “நல்லாக் கீது மாமா” என்று மாப்பிள்ளைப் பையன் மரியாதைக்குச் சொன்ன ஒரே காரணத்துக்காக அவரையே மருமகனாக்கிக்கொண்டீர்கள். கல்யாணமான கையோடு அவர் மாற்றல் கேட்டு விசாகப்பட்டினம் போனதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே நம்ப விரும்புகிறோம்.

இப்படி இருக்க, சென்ற மாதம் ஒருநாள் பேருந்தில் கேசட் பெட்டியைத் திறக்காமலே வந்தீர்கள். தேரடியில் எல்லாரும் ஏறிவிட்டார்கள். பாட்டு வரவில்லை. உசேன் திரும்பிப் பார்த்தார்.

“போதும் உசேனு. ரிட்டையர் ஆனதும் அல்லாத்தையும் காயலாங்கடைக்குப் போட்டுறப் போறேன்” என்றீர்கள்.

பேருந்தே கை தட்டியது. உசேனும் தட்டினார். பிறகு ஏனோ நிறுத்திக்கொண்டார்.

அந்த ஞாயிறு, விழாவுக்கு அழைக்கவும் என்ன பரிசு வாங்கலாம் என்று கேட்கவும் உசேன் வியாசர்பாடிக்குப் போனார். தாங்கள் வெளியே போயிருந்தீர்கள். தங்கள் துணைவியார் கெங்கம்மா டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“பரிசும் வாணாம், ஒன்னியும் வாணாம் உசேனு. அந்தாளு பொட்டிய எடைக்குப் போடறேன்றாரு, தெரியுமா?”

“உங்களுக்கு நிம்மதிதான அண்ணி?”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து ‘தூக்கிப் போடுயா’ன்னு கத்திகினு கெடந்தேன். இப்ப அவரே போடறேன்னதும் ஒரு வாய் சோறு எறங்கல. ‘ஒருத்தன் காதுலயும் ஏறல கெங்கா, நான் ஒருத்தன் கேக்கறதுக்கு எதுக்கு எடத்த அடைச்சிகினு’ன்றாரு. அந்தப் பொட்டி போச்சின்னா செவுத்த பாத்துகினு குந்திக்குவாரு. செவுத்தோட நான் எப்டி குடும்பம் நடத்தறது?”

உசேன் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். அவருக்குத் தங்கள் மீது சொல்ல முடியாத எரிச்சல். வைத்திருந்தாலும் தொல்லை, விட்டாலும் தொல்லை! ஒருத்தன் காதிலும் ஏறவில்லை என்று தாங்கள் சொன்னது பொய்யுமில்லையே. அதற்கு என்ன பதில் சொல்வது?

பதில் அடுத்த வாரமே வந்தது. தங்களுக்கு இதுவரை மறைத்த செய்தி இதுதான், பொறுத்தருள வேண்டும்.

ஓய்வூதிய வேலையாகத் தாங்கள் விடுப்பில் இருந்த நாளில், பழுதுக்கு வந்த ஒரு பெரிய கியர்பாக்ஸைத் தூக்க வேண்டியிருந்தது. நான்கு மூலைக்கும், சங்கிலியை இழுத்துப் பாரம் ஏற்றும் நான்கு செயின் பிளாக். இரண்டு மூலை நமது ஆட்களிடம். மற்ற இரண்டு, துறைமுகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களிடம். குரல் கொடுத்தவர் அவர்களுடைய மேஸ்திரி பெனிட்டோ. எங்கும் உள்ள முறைப்படி எட்டு எண்ணும் அளவுக்குக் குரல். எட்டாவதில் எல்லாரும் ஒருசேர இழுக்க வேண்டும். நமது ஆட்கள் அத்தனை பேரும் ஏழாவதில் இழுத்தார்கள்.

நமது பக்கம் முந்தி ஏறியது. அவர்கள் பக்கம் பிந்தி ஏறியது. பத்து இழுப்புக்குள் கியர்பாக்ஸ் தொட்டில் போல் ஆடத் தொடங்கியது.

“நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினார் பெனிட்டோ. “காலையிலயே ஊத்திகினு வந்துகீறீங்களா மாமு?”

“தோ பாரு, நாங்கோ கரெக்டாத்தான் இழுக்கறோம். நீதான் ஒன்னு சேத்து எண்றே!” என்று சண்டைக்குப் போனான் நமது கலாசி தீனா.

உசேன் இருவரையும் விலக்க வாயெடுத்தார். அப்போதுதான் தம் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார். ஆர்கன்! அந்தப் பாழாய்ப்போன ஆர்கன்! எட்டு வர வேண்டிய இடத்தில் ஏழோடு மடங்கி மடங்கிப் போகும் அதே நடை. சுற்றிப் பார்த்தார். சங்கிலியைப் பிடித்தபடி நின்ற தீனாவின் கால் கட்டைவிரலும் அதே கணக்கில் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. எந்த ஆண்டில் தங்கள் குரல் எட்டிலிருந்து ஏழுக்கு மாறியதோ, தாங்களும் அறியவில்லை. கேட்டு இழுத்த நாங்களும் அறியவில்லை.

பாரம் அந்தரத்தில் இருக்கும்போது ஆராய்ச்சிக்கு நேரமில்லை. உசேன் முன்னே வந்து தங்கள் இடத்தில் நின்றார்; தங்கள் கணக்கிலேயே குரல் கொடுத்தார். நமது பக்கம் உடனே பிடித்துக்கொண்டது. துறைமுகத்தார் நாலைந்து இழுப்பு தடுமாறி, பிறகு அவர்களும் அதே கணக்குக்கு வந்துவிட்டார்கள். கியர்பாக்ஸ் ஆட்டம் நின்று, தட்டில் வைத்த தேங்காய் போல் மட்டமாக மேலே போயிற்று.

“இன்னா பாய் இது, நொண்டிக் கணக்கு?” என்றார் பெனிட்டோ, வியர்வையைத் துடைத்தபடி.

“எங்க மேஸ்திரி கணக்கு” என்றார் உசேன். அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்ததாகச் சிலர் சாட்சி சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார்.

அன்று மாலை பேருந்தில் பெரும் வாக்குவாதம். “மேஸ்திரிகிட்ட மூச்சு உடாதீங்கோ. சொன்னா குஷியாயி இன்னும் ரெண்டு கேசட்டு வாங்கிடுவாரு” என்றான் தீனா. பெரும்பாலோர் கருத்தும் அதுவே. தேரடி வந்ததும் உசேன் சொன்னார்:

“சொல்லலன்னா பொட்டிய போட்டுடுவாருடா.”

வாக்குவாதம் அதோடு தீர்ந்தது; இந்த மடலை எழுத உட்கார்ந்தோம்.

ஆகவே, எங்கள் பெருமதிப்பிற்குரிய பேஜாரே! ஒருத்தன் காதிலும் ஏறவில்லை என்று தாங்கள் மனம் வெதும்பியது தவறு. காதில் ஏறியிருந்தால் பஞ்சு வைத்துத் தப்பித்திருப்போம்; கையில் அல்லவா ஏறித் தொலைத்திருக்கிறது! நாளை முதல் குரல் கொடுக்கப்போகும் உசேன், எட்டுக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்று சபதம் செய்து முயன்று, ஒரே நாளில் கைவிட்டார். எங்கள் எல்லாரையும் இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டு, ஊரிலுள்ள ஒரே அத்தாட்சியை எடைக்குப் போடுவதா? எந்த ஊர் நியாயம் இது? தாங்கள் வரச் சொல்லியிருந்த காயலாங்கடைக்காரரை நாங்களே கண்டு பேசித் திருப்பி அனுப்பிவிட்டோம். அவர் இனி தங்கள் தெருப்பக்கம் வரமாட்டார்.

தங்களுக்கு மோதிரமும் இல்லை, சுவர்க்கடிகாரமும் இல்லை. வரும் ஞாயிறு காலை, உசேன் தலைமையில் நாங்கள் அனைவரும் தங்கள் இல்லத்துக்கு வருகிறோம். கெங்கம்மா அண்ணியார் சம்மதித்துவிட்டார். தாமும் உட்காருவதாக வாக்களித்திருக்கிறார். நாங்கள் உள்ளே வந்ததும், எவரும் தப்பாதபடி கதவைத் தாழிட்டுவிடுங்கள். முதலிலிருந்தே போடுங்கள். அந்தக் கண்றாவி எப்படித்தான் முடிகிறது என்பதை, ஒருவரும் எழுந்திராமல், கடைசிவரை கேட்டுத் தொலைக்கிறோம்.

தாங்கள் நோயற்ற உடலும் நொடியாத மனமும் பெற்று நெடுங்காலம் வாழ்க! எவ்வளவு நெடுங்காலம் என்றால், அந்தப் பெட்டியிலுள்ள பாட்டுகள் அத்தனையும் ஒன்று விடாமல் முடியும்வரை. முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைச் சபையோர் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்குக் கை வலிக்கிறது.

என்றும் தங்கள் குரலுக்குக் கட்டுப்பட்ட,
பாரந்தூக்கும் பிரிவுத் தோழர்கள்,
எண்ணூர்.