ஆயுத பூஜைக்கு இரண்டு கோட் பெயிண்ட்

துரு மேல் அப்படியே பெயிண்ட் அடித்தால் நிற்காது, மேடம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் அப்பளம் மாதிரி எழும்பிக்கொண்டு வந்துவிடும். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ரெட் ஆக்சைடு ஒரு கோட் கொடுத்துக் காயவிட வேண்டும். கலர் அதற்கப்புறம்தான். நிறையப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு.

என் வீட்டுக்காரர் சுந்தரராமன் கரண்ட் அடித்து இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிடலாம், ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். ஆனால் எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். நடுவில் நிறுத்தினால் குழம்பிப் போவேன்.

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அந்த வாக்குவம் கிளீனரைத்தான் சொல்கிறேன். தாம்பரம் ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். சுந்தரராமன் கட்டில் வாங்கப் போனவர், இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். குட்டி பீப்பாய் மாதிரி இரும்பு உடம்பு, அடியில் சறுக்குக் கட்டைகள், தலையில் ஒரு நிக்கல் கைப்பிடி. எங்களுக்குக் கல்யாணமான புதுசு. அன்றைக்கு ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தோம். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அதை நான் தொடக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமையானால் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுப்பார். "இங்க பாரு, இந்த ஸ்க்ரூ. எர்த் ஒயர் இதுலதான் உக்காந்திருக்கு. மோட்டார் பழசு, பாடில லேசா கரண்ட் லீக் இருக்கு. எர்த் நல்லா பிடிச்சிருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. இந்த இடத்துல மட்டும் துரு, பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. இரும்பு பளிச்சுன்னு தெரியணும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "உனக்கு எங்க புரியப் போகுது" என்று முடிப்பார். டெஸ்டர் வைத்துப் பார்ப்பார், ரப்பர் செருப்புப் போடாமல் ஓட்டவே மாட்டார். அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷர்.

ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவரை பிரச்சினை இல்லை. ரிட்டையர் ஆனதும் எனக்குப் பின்னாலேயே அதை இழுத்துக்கொண்டு வந்தார். நான் காய் நறுக்கினால் காலடியில் அதன் வாய். பாட்டுப் போட்டால் அதன் சத்தம். கோவிலம்பாக்கத்திலிருந்து என் தங்கை புஷ்பம் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தபோது, "காலைக் கொஞ்சம் தூக்கிக்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே அவளை எழுப்பி அனுப்பினார். போகும்போது வாசலில் நின்று, "அக்கா, மாமா என்னையும் உள்ள இழுத்துடுவாரோன்னு பயமா இருந்துது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் அவள் வருவதில்லை.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரோம்பேட்டையில் எந்த வீட்டில் ரிட்டையர் ஆன மனுஷன் தொல்லையில்லாமல் இருக்கிறார், சொல்லுங்கள்.

நான் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன் அறையில் என் மெஷின். மத்தியானமானால் தெருப் பெண்கள் வருவார்கள், பேச்சும் சிரிப்புமாக இருக்கும். நான் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருத்தி பொத்தேரியில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாள். நூல் துணுக்குகள் தன் மெஷினின் பையை அடைக்கின்றன என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். போன வருஷம் நவராத்திரியின்போது நான் கொலு பார்க்கப் புஷ்பம் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் முன் அறை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. என் தையல் மெஷினைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, பதிலுக்குச் சக்களத்திக்கு ஒரு புது ஓஸ் பைப் வாங்கி வந்திருந்தார். "இப்ப எவ்வளவு இடம் பாரு காந்தி" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

மறுநாள் ஆயுத பூஜை. எந்த வருஷமும் என் மெஷினுக்குத்தான் முதல் பொட்டு. அன்றைக்குப் பூ, பொரி, சுண்டல் எல்லாம் அந்தப் பீப்பாய்க்கு முன்னால் இருந்தன. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். நன்றாகவே அழுதேன், மேடம். அவருக்குக் கேட்டிருக்காது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் நவராத்திரியில் அவர் ஆபீஸ் சிநேகிதர்களோடு திருப்பதிக்குப் போனார். சக்களத்தியின் உடம்பு அதற்குள் துருவேறி, பெயிண்ட் உதிர்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அவருக்கு அதில் ரொம்ப வருத்தம். சரி, ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று ஜிஎஸ்டி ரோட்டில் குணாவின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

குணா நல்ல பையன். "இன்னாக்கா, சாருக்கு சர்ப்ரைஸா? துரு மேல அடிச்சிகினு போய்டாதீங்க, நிக்காது" என்று எல்லாம் எடுத்துக் கொடுத்தான். ஸ்க்ரூ, ஒயர் இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு டேப்பும் கொடுத்தான். "அந்த எடத்துல பெயிண்ட் பட்டா பேஜாராப் பூடும்க்கா" என்றான். அந்த டேப் பிரிக்காமல் அலமாரியில் அப்படியே இருக்கிறது. போகும்போது எடுத்துத் தருகிறேன், உங்களுக்குத் தேவைப்படும்.

பால்கனியில் உட்கார்ந்து அடித்தேன். மெரூன் கலர், பழைய கலரேதான். நிக்கல் கைப்பிடிக்கு மட்டும் அடிக்கவில்லை. அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். உள்ளே அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, ஒயரை விலக்கி, அது உட்காருகிற இடத்துக்கும் இரண்டு கோட் கொடுத்தேன். ஒயரின் நுனிக்கும் ஒரு கோட். ஸ்க்ரூவை மட்டும் விடுவானேன், அதற்கும் சுற்றிலும் பூசினேன். எல்லாம் காய்ந்த பிறகு முன்பு இருந்த மாதிரியே பூட்டினேன். நான் செய்தது பெயிண்ட் வேலைதான். கரண்ட் விஷயம் எனக்கு எங்கே புரியும்.

ஆயுத பூஜை அன்று வீடு கழுவுவது எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டிலும் கழுவினேன். கூடம் காயவில்லை, மழை நாள். பூஜையாயிற்றே, அவர் காலில் செருப்பு இல்லை. கையில் கரைத்த சந்தனம். அவர் மெஷினை அப்படித் தொடுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

நான் போர்த்தியிருந்த துணியை எடுத்ததும் அவர் கிட்டே வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து தடவினார். "காந்தி, நீயா பண்ணே?" என்றார். "எவ்வளவு நீட்டா அடிச்சிருக்க. இவ்வளவு நாள் உன் கையைத் தெரியாமலே இருந்துட்டேன்." கண் கலங்கியது. பொய்யில்லை, மேடம், எனக்கும் கலங்கியது. வேண்டாம், தொடாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் அடுத்தபடி, "இனிமே தினம் ரெண்டு வேளை ஓட்டலாம்" என்றார். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். நல்ல நாளில் பூஜை போட்ட பொருளைச் சோதித்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. சந்தனம் இட்டார், குங்குமம் வைத்தார், கற்பூரம் காட்டினார்.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். சுவரில் ஸ்விட்ச் இருப்பது கூடத்தின் அந்தக் கோடியில். அவர் கிடந்தது இந்தக் கோடியில், மெஷின் பக்கத்தில். ஸ்விட்ச் போட்டது யார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அவர் கைப்பிடியைச் சந்தனக் கையால் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இந்த வருஷம் உன் கையால ஆரம்பிக்கட்டும் காந்தி, ஸ்விட்சைப் போடும்மா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் அப்படித் தன்மையாகக் கேட்டதே இல்லை, மேடம். நான் எப்படி மாட்டேன் என்று சொல்வேன்?