நாலரை பவுண்டு

சாஸேஜ் குழம்பு ஊற்றிய மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியை ஆறவிட்டுச் சாப்பிடுவது பாவம் என்பது டெல்பர்ட்டின் கட்சி. அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை காலையிலும் துப்பாக்கி சுடுகளத்து மர மேசையில் உட்கார்ந்து தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டுக்கு வந்தான்.

"நீ பேசிக்கிட்டே இரு வெர்ன். உன் வாய் ஓயறதுக்குள்ள உன் தட்டு ஓஞ்சுடும்."

மீசையெல்லாம் குழம்பு. அவன் அவனாக இருந்து சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது. அதற்குப் பிறகும் ஏழு மாதம் உயிரோடு இருந்தான் என்பது உண்மைதான்.

நான் துப்பாக்கி பழுது பார்க்கிறவன். மொன்டானாவின் கிழக்குக் கோடியில், தீவனக் கடையின் பின்கட்டில் எனக்கு ஒரு மேசையும் விளக்கும் உண்டு. டெல்பர்ட் என் முப்பது வருட நண்பன். மாதாந்தர ரைஃபிள் போட்டியில் தவறாமல் என்னைத் தோற்கடிப்பவன். எங்கள் மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரியும் அவன்தான். "குறி பார்த்தப்புறம் விரல டிரிகர்ல வை, அதுவரைக்கும் அது உன் விரலே இல்ல" என்று புதியவர்களிடம் தொண்டை கிழியக் கத்துவான்.

போட்டியில் தப்பான நேரத்தில் துப்பாக்கி வெடித்துவிட்டால் அந்த ஆள் அன்றைக்கு வெளியே. அவனை எல்லோரும் சேர்ந்து ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப் போவது வழக்கம். கூம்பைக் கையில் கொடுத்து, அது உருகி முழங்கைக்கு வழியும்வரை கேலி செய்வோம். மன்றத்தில் அந்த ஐஸ்கிரீமைத் தின்னாதவன் டெல்பர்ட் ஒருவன்தான். நான் இரண்டு முறை தின்றிருக்கிறேன், ஒன்று வெனிலா, ஒன்று செர்ரி.

அந்த வசந்தத்தில் அவன் அரிசோனாவுக்குக் குடிபோவது என்று முடிவு செய்தான். குளிர்காலத்தில் மகளைப் பார்க்கப் போன இடத்தில் ரோவீனா என்ற விதவையைச் சந்தித்திருந்தான். ஆகஸ்டில் கல்யாணம்.

"நீயும் வந்துடுடா. அங்க பனியே கிடையாது" என்றான்.

"பனி இல்லாத ஊர்ல எதைத் திட்டிப் பொழுது போக்குறது?" என்றேன்.

இருவரும் நன்றாகச் சிரித்தோம். என் மனைவி இறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அவனோடுதான். இதை நியாயம் கேட்டுச் சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

போவதற்கு முன் ஜூன் போட்டியை ஜெயித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவனுடைய ரைஃபிளில் இருந்தது ராணுவ நாளிலிருந்து பழகிய வகை, இரண்டு கட்டமாக இழுபடும் டிரிகர், அதாவது விசை. முதலில் கொஞ்ச தூரம் சும்மா வரும். பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அந்தச் சுவரைத் தாண்டி அழுத்தினால்தான் வெடிக்கும். தேய்ந்துபோய், சரளைக்கல்லில் பெட்டியை இழுப்பதுபோல் ஆகியிருந்தது. புதிது வாங்க வேண்டும், நான்தான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும் என்றான்.

மூன்று நாள் வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு விசைகளின் படப்புத்தகத்தைப் புரட்டினான்.

"வளைஞ்சதா, நேரா இருக்கறதா?"

"உன் கரடி விரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"இங்க பாரு, தங்கக் கலர்ல ஒண்ணு."

"அத உன் கல்யாணத்துக்குப் போட்டுக்கோ கிழவா."

அவனைப்பற்றி எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கும்போதே, குறி பார்ப்பதற்கு முன்பே, விசையைச் சுவர்வரைக்கும் இழுத்து வைத்துக்கொள்வான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவனின் சின்னத் திருட்டு. பழைய சுவர் கனமாக இருந்ததால் முப்பது வருடமும் அது அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் நல்ல விசையாகத்தான் தேர்ந்தெடுத்தேன். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. இரண்டு கட்டம், வழுவழுவென்று வரும், சுவர் மட்டும் காகிதம் போல. பொருத்திக் கொடுத்ததும் வெறும் துப்பாக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"என்னடா, சுவரையே காணோம்?"

"வழவழப்பா இருந்தா லேசாத் தோணும். தராசுல பாத்துட்டேன். நாலரை பவுண்டு. பழசு எவ்வளவோ அதேதான்."

"நீ சொன்னா சரி."

விசையை இழுக்க எத்தனை பவுண்டு கனம் வேண்டும் என்று காட்டும் கொக்கித் தராசு எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடந்தது. அவன் எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவனுடைய கைவேலையை அவன் கண்ணெதிரே அளந்து பார்ப்பது அவன் அம்மாவைத் திட்டுவதற்குச் சமம். தராசு எனக்குக் காட்டியது இரண்டு பவுண்டு.

அவன் ஒரே ஒரு ஐஸ்கிரீம் தின்ன வேண்டும் என்று நினைத்தேன். முப்பது வருடத்துக்கு ஒன்று. அது அதிகமில்லை.

அந்தச் சனிக்கிழமைப் போட்டியில் மணி ஒலித்தது, அவன் துப்பாக்கியைத் தூக்கினான், அது பாதி வழியிலேயே வெடித்தது. அவன் காலுக்கு ஆறடி முன்னால் மண் துள்ளியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மன்றம் முழுக்கத் தொப்பியைத் தூக்கி எறிந்து கூத்தாடியது. டெல்பர்ட்டும் சிரித்தான். கடையில் பிஸ்தா ஐஸ்கிரீம் கேட்டான். கூம்பைப் பிடித்திருந்த தன் கையை அவன் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் சாப்பாட்டின்போது சொன்னான். "நாலரை பவுண்டுடா வெர்ன். அவ்வளவு கனம் என் விரலுக்குத் தெரியவே இல்ல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

அவன் அப்பாவுக்கு நரம்பு நோய். விரல் மரத்துத் தொடங்கியது, பிறகு நடுக்கம், கடைசி ஆறு வருடம் டெல்பர்ட்தான் கரண்டியால் ஊட்டினான். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது என்று நீங்கள் நினைக்கலாம். "ஒரு டாக்டரப் பாரு" என்றேன். நண்பன் சொல்ல வேண்டியதுதானே.

பில்லிங்ஸ் நகரத்து டாக்டர், அவன் கையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

"ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். பொதுவாகப் பார்த்தால் அது தவறான தகவலும் அல்ல.

ஜூலையில் அவன் ரோவீனாவுக்குக் கடிதம் எழுதினான். கல்யாணம் வேண்டாம், தன் அப்பாவுக்குத் தான் செய்ததை அவள் தனக்குச் செய்யக் கூடாது என்று எழுதினான். எழுத்து அச்சடித்தது போல் இருந்தது. தபாலில் போட்டவன் நான். மன்றத்தில் பதவியை விட்டான். ரைஃபிளை என்னிடமே கொடுத்துவிட்டான். பழைய விசையை நான் திரும்ப மாட்டியது அவனுக்குத் தெரியாது. ஆகஸ்டில் வண்டி ஓட்டுவதையும் நிறுத்தினான்.

"ரோட்டுல ஒரு குழந்தை குறுக்க வந்தா? இந்தக் கைய நம்பி எப்படிப் போறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

அதன்பின் நான்தான் அவனை எங்கும் அழைத்துப் போனேன். ஞாயிறோடு புதனும் சேர்ந்தது, பிறகு வெள்ளியும். சீட்டு ஆடினோம். அவன் பிடித்த சீட்டுகள் ஒரு நாளும் அசைந்ததில்லை. அவன் அதைப் பார்க்கவில்லை, பயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் நிறையச் சிரித்தோம். அந்த ஏழு மாதம் எங்களுக்கு நல்ல காலம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஜனவரியில் ஒரு மதியம், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது போன் செய்தான்.

"நெஞ்சுல கொஞ்சம் எரிச்சல். உனக்கு ஒழியும்போது வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? அவசரமில்ல."

கோப்பையில் பாதிக் காப்பி இருந்தது. குடித்து முடித்தேன். பனியில் அவன் வீட்டுக்கு நாற்பது நிமிடம். அவன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நிமிடம். நான் போனபோது கோட்டுப் பொத்தான்களை வரிசையாகப் போட்டு, தொப்பியை மடியில் வைத்து, வாசல் நாற்காலியில் எனக்காகக் காத்திருந்த நிலையிலேயே இருந்தான். உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

அடக்கத்துக்கு ரோவீனா வந்தாள். பட்டுக்கொள்ளாமல் ஓரமாக நின்றிருந்தவள், கடைசியில் என்னிடம் வந்து கேட்டாள்.

"அவர் கை ரொம்ப நடுங்குச்சா?"

"ஒரு நாளும் நடுங்கல" என்றேன்.

அவள் என் தோளைத் தொட்டு, "நீங்க ரொம்ப நல்லவர்" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் அவனைக் கொல்லவில்லை. தராசு காட்டியதை மாற்றிச் சொன்னேன், அவன் இங்கேயே இருந்துவிட்டான், அவ்வளவுதான். அரிசோனாவில் அவனை யார் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். வண்டி அவன் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே, வாசலுக்கு நேராக நிற்கிறது. சாவி அதிலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்து திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.